ரீஃப் டேங்கில் முடிப்பாசி: என்ன மருந்து போடலாம் என்று கேட்டவருக்கு

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் புரியட்டும். பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் அபார்ட்மெண்ட். மூன்றடி ரீஃப் டேங்க் (பவளமும் மீனும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி), கீழே இருக்கும் சம்ப்பையும் (வடிகட்டும் தொட்டி) சேர்த்து ஏறக்குறைய 200 லிட்டர் உப்புத்தண்ணீர். ஆரம்பித்து எட்டு மாதம். இரண்டு க்ளவுன் மீன், ஒரு கோபி, ஒரு க்ளீனர் இறால், கொஞ்சம் ஸோவா, மஷ்ரூம், லெதர் என்று சாஃப்ட் கோரல்கள். பாறை முழுக்கப் பச்சை முடிபோலப் பாசி, மணலில் அங்கங்கே பழுப்பு. தண்ணீர் சோதனைக் கிட்டில் பார்த்தால் நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் லிட்டருக்கு 0.02 மில்லிகிராம். கடையில் ஒரு பாசிக்கொல்லி பாட்டில் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை சொட்டு போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

போட வேண்டாம். பாட்டிலை மூடி அலமாரியில் வையுங்கள்.

காரணம் இதுதான். மீன் தீனி வழியாகவும் தண்ணீர் வழியாகவும் தொட்டிக்குள் வந்து சேர்ந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் இப்போது பச்சை முடியாகப் பாறையில் நிற்கின்றன. மருந்து போட்டால் பாசி சாகும். ஆனால் அது தொட்டிக்குள்ளேயே அழுகி, தின்றதையெல்லாம் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடும். அழுகும்போது ஆக்ஸிஜனையும் இழுத்துக்கொள்ளும், அதனால் விளக்கு அணைந்த ராத்திரியில்தான் மீன்கள் மூச்சுக்குத் திணறும். மூன்று நான்கு வாரத்தில், கரைந்த சத்தைத் தின்று அடுத்த பாசி வரும். அது இதைவிட மோசமான ஜாதியாகவும் இருக்கலாம். உங்கள் பக்கத்திலேயே வர்த்தூர் ஏரி இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். சாக்கடைச் சத்து உள்ளே வந்துகொண்டே இருக்கும்வரை ஆகாயத்தாமரை போகாது. அதை வாரிக் கரையிலேயே குவித்துவைத்தால் மழையில் ஊறி அந்தச் சத்து மறுபடி ஏரிக்கே போகும். உங்கள் தொட்டியும் ஒரு சின்ன ஏரிதான். செய்யவேண்டிய வேலை இரண்டு. பாசியைப் பறித்து வீட்டைவிட்டே வெளியேற்றுவது ஒன்று, உள்ளே வருவதைக் குறைப்பது இன்னொன்று.

"கிட்டில் பூஜ்யம்தானே காட்டுகிறது, அப்புறம் பாசிக்குச் சாப்பாடு எங்கிருந்து?" என்று நீங்கள் கேட்டதும் நியாயம்தான். இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். கிட் அளப்பது தண்ணீரில் மிதந்துகொண்டு மிச்சமிருக்கும் நைட்ரேட்டை மட்டும். இவ்வளவு அடர்த்தியாகப் பாசி இருக்கும் தொட்டியில் மீன் கழித்த கொஞ்ச நேரத்திலேயே பாசி அதை உறிஞ்சிவிடுகிறது. சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு காலியாக இருப்பதை வைத்து யாரும் சாப்பிடவில்லை என்று சொல்லமுடியாது இல்லையா? இதில் இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் வாங்கிய உலர்ந்த பாறை கால்சியம் கார்பனேட். பாஸ்பேட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும், தண்ணீரில் குறையக் குறைய மெதுவாக விட்டுக்கொண்டே இருக்கும். பாசியின் வேர்ப்பிடி பாறையிலேயே இருப்பதால் அதற்கு அது வீட்டுவாசலில் கிடைக்கிற சோறு. ஆகவே பூஜ்யத்தைப் பார்த்து மகிழவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். பாசி குறையும்போது கிட்டில் எண் கொஞ்சம் ஏறும். அது நல்ல அறிகுறி.

மருந்தைப் பற்றி யோசிக்கும் முன்னால் அது எந்தப் பாசி என்று தெரியவேண்டும். ஒரு இழையை விரலால் பிடுங்கி, வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் தொட்டித் தண்ணீர் விட்டு, அதில் மிதக்கவிட்டுப் பாருங்கள். நூல்நூலாக, கிளையில்லாமல், தண்ணீரிலிருந்து தூக்கினால் துவண்டு விரலில் ஒட்டிக்கொண்டால் சாதாரண முடிப்பாசி, பெரும்பாலும் டெர்பீஸியா. நடுவில் ஒரு தண்டு, இரண்டு பக்கமும் சின்னச்சின்னக் கிளை, மயிலிறகின் ஓரம் போல இருந்தால் பிரையாப்ஸிஸ். பிடுங்கினால் வராது, அறுந்து அறுந்து வரும், விட்ட துண்டிலிருந்து முளைக்கும். பச்சைக் கண்ணாடிக் குமிழ் மாதிரி உருண்டையாக இருந்தால் வலோனியா. அதை உடைக்காமல் அடியோடு பெயர்த்து எடுக்கவேண்டும். சிவப்பாகவோ ஊதாவாகவோ தோல்போலப் படர்ந்து, தாளாக உரிந்து வந்தால் அது உண்மையில் பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. நீரோட்டம் படாத மூலையில்தான் பெரும்பாலும் பிடிக்கும். உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு ஒரு வேவ்மேக்கரை (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) திருப்பிவைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். பாறையில் ரோஸும் ஊதாவுமாகக் கல்போலக் கெட்டியாகப் படர்வது கோரலைன் பாசி, அதைத் தொடாதீர்கள். அது பிடித்த இடத்தில் முடிப்பாசிக்கு இடம் குறைவு.

நீங்கள் அனுப்பிய விவரத்தில் எனக்கு உறுத்துவது அந்தப் பச்சை முடியைவிட மணலில் இருக்கும் பழுப்புதான். அது டயாட்டமாக (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசி) இருந்தால் கவலையில்லை. ஆனால் டயாட்டம் பொதுவாக முதல் ஒன்றிரண்டு மாதத்தில் வந்துபோகும், எட்டாவது மாதத்தில் வந்தால் தண்ணீரில் சிலிக்கேட் வருகிறது என்று அர்த்தம். டைனோஃப்ளாஜெல்லேட்டாக (நகரக்கூடிய ஒற்றைச்செல் உயிர், சுருக்கமாக டைனோ) இருந்தால் வைத்தியமே தலைகீழ். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஊசியில்லாத சிரிஞ்சால் பழுப்பை உறிஞ்சி ஒரு சின்ன பாட்டிலில் விட்டு, மூடி, பலமாகக் குலுக்குங்கள். இரண்டு மடிப்பு டிஷ்யூ பேப்பரில் வடிகட்டி, வடிந்த தெளிந்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் விளக்குக்கு அடியில் ஒரு மணிநேரம் வையுங்கள். தண்ணீர் தெளிவாகவே இருந்தால் பெரும்பாலும் டயாட்டம். மறுபடி பழுப்பு இழைகளாகத் திரண்டு சளிபோலத் தொங்கினால் டைனோ. பிள்ளைகளுக்கு வாங்கித்தருகிற 400 மடங்கு மைக்ராஸ்கோப் வீட்டில் இருந்தால் இன்னும் உறுதி. டைனோ உயிரோடு நகர்வது கண்ணுக்கே தெரியும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஆறு வருடத்துக்கு முன் என் தொட்டியிலும் இதே முடிப்பாசி. பாஸ்பேட்டை ஒழித்துவிட்டால் பாசியும் ஒழியும் என்று நினைத்து ஜி.எஃப்.ஓ. என்கிற இரும்பு ஆக்ஸைடு மணிகளை ரியாக்டர் நிறையப் போட்டேன். பாஸ்பேட் 0.00 ஆனது, முடிப்பாசியும் வெளிறிப்போனது. இரண்டு வாரம் கழித்து மணலில் பழுப்பு. காலையில் லேசாக, மத்தியானத்துக்குள் கனமாக, இழை நுனியில் காற்றுக் குமிழோடு நிற்கும். ராத்திரி மறைந்துவிடும். டர்போ நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து விழுந்து, கால் உள்ளே இழுபட்டுக் கிடந்தன. ஆஸ்ட்ரியாப்ஸிஸ் என்கிற டைனோ. அதில் நஞ்சு உண்டு, மேய்கிற நத்தைகள்தான் முதலில் சாகும். சத்து அடியோடு இல்லாத தண்ணீரில் மற்ற எல்லாம் பட்டினி கிடக்கும்போது அது மட்டும் தழைக்கிறது. ஜி.எஃப்.ஓ.வை எடுத்துவிட்டு, தீனியைக் கூட்டி, தண்ணீர் மாற்றுவதை நிறுத்தி, ராத்திரியில் நீந்தி மேலே வருவதைப் பிடிக்க யு.வி. விளக்கு வைத்து, சரியாக மூன்று மாதம் ஆனது. அதனால்தான் சொல்கிறேன், பூஜ்யத்தைத் துரத்தாதீர்கள். லிட்டருக்கு நைட்ரேட் 5 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம், இதற்குள் ஆடாமல் இருந்தால் போதும். உங்கள் பழுப்பு டைனோ என்று தெரிந்தால் கீழே சொல்வதில் பாசியைப் பறிக்கிற வேலையை மட்டும் செய்யுங்கள், சத்தைக் குறைக்கிற எதையும் செய்யாதீர்கள். எந்த வகை டைனோ என்று பார்த்து எழுதுங்கள். மணலிலேயே கிடக்கும் ஆம்ஃபிடினியத்துக்கு யு.வி. வேலை செய்யாது.

சரி, தண்ணீருக்கு வருவோம். பெங்களூரில் இதுதான் பெரிய விஷயம்.

உங்கள் அபார்ட்மெண்ட் சம்ப்பில் (இது வாசலில் பூமிக்கடியில் இருக்கும் சம்ப், மீன்தொட்டிக்குக் கீழே இருப்பது அல்ல) காவேரித் தண்ணீர், போர் தண்ணீர், கோடையில் டேங்கர் தண்ணீர் எல்லாம் கலந்திருக்கும். எந்த வாரம் எது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. இந்த ஊர் நிலத்தடி நீரில் நைட்ரேட் பல இடங்களில் அதிகம். சாஃப்ட்னர் இருக்கிறதே என்று நினைக்கவேண்டாம். அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும், அவ்வளவுதான். நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் அப்படியே வரும்.

சமையலறை ஆர்.ஓ.விலிருந்து பிடிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் சிக்கல் என்று நினைக்கிறேன். குடிக்கிற தண்ணீருக்கான பல ஆர்.ஓ. இயந்திரங்களில் ருசிக்காக டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) கன்ட்ரோலர் என்று ஒரு சின்ன வால்வு இருக்கும். மெம்பிரேனைத் தாண்டாத தண்ணீரைக் கொஞ்சம் அது சுத்தமான தண்ணீரோடு கலந்துவிடும். சிலவற்றில் மினரல் கேட்ரிட்ஜும் உண்டு. குடிக்க நல்லது, கோரலுக்கு ஆகாது. ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கி அளந்துபாருங்கள். 40, 60 என்று காட்டும் என்பது என் ஊகம். நமக்கு வேண்டியது 0.

நாற்பதுதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றடித் தொட்டியில் இந்த ஊர் வறட்சியான மார்ச், ஏப்ரலில் மின்விசிறியும் ஓடினால் ஒரு நாளைக்கு 3 லிட்டர் ஆவியாகும். வருடம் முழுக்க அதையே வைத்தால் 1,095 லிட்டர், தொட்டியைப்போல ஐந்து மடங்கு. ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், அதில் இருந்ததெல்லாம் உள்ளேயே தங்கும். நீங்கள் ஊற்றுகிற தண்ணீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் நைட்ரேட் என்று வைத்துக்கொண்டால்கூட வருடத்துக்கு 3.3 கிராம் ஆகிறது. 200 லிட்டரில் அது லிட்டருக்கு 16 மில்லிகிராம். ஒரு மீனுக்கும் தீனி போடாமலேயே! ஆகவே அக்வாரியத்துக்கென்று மெம்பிரேனுக்குப் பிறகு, மிச்ச உப்பையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின் உள்ள ஆர்.ஓ. யூனிட் ஒன்று வாங்குங்கள். பெரிதாகப் பணம் செலவழிக்கவேண்டிய ஒரே இடம் இதுதான். ரெசின் தீரும் சமயத்தில் முதலில் நழுவுவது சிலிக்கேட், மீட்டர் 0 காட்டும்போதே நழுவ ஆரம்பித்துவிடும். நிறம் மாறும் ரெசினாக வாங்கினால், நிறம் முக்கால்வாசி ஏறியதும் மாற்றிவிடலாம்.

அடுத்தது தீனி. உலர் தீனியில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு பாஸ்பரஸ். ஒரு கிராம் போட்டால் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ், அதாவது 30 மில்லிகிராம் பாஸ்பேட். அத்தனையும் கரைந்தால் 200 லிட்டரில் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் ஏறும். மூன்று சின்ன மீன்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிராம் மிக அதிகம். என் வீட்டில், ஊரிலிருந்து அம்மா வந்து தங்கியிருந்த மாதம்தான் பாசி உச்சத்துக்குப் போனது. கண்ணாடியோரம் மீன் வந்து நின்றால் "பாவம், பசிக்குது போல" என்று ஒரு சிட்டிகை. அவர் கையைத் தடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறை உள்ள மாத்திரை டப்பா ஒன்று வாங்கி, ஒவ்வொரு அறையிலும் அன்றைய தீனியை அளந்து வைத்தேன். அம்மாவே போடுவார், அறை காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அப்படித்தான். உறைந்த மைசிஸ் (இறால்போன்ற குட்டி உயிர்) போடுவதானால் வடிகட்டியில் அலசிப் போடுங்கள், ஆனால் அளவுதான் முக்கியம்.

விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எட்டு மணிநேரத்துக்குக் குறைத்து, வெள்ளையையும் சிவப்பையும் தணித்து, ஜன்னல் வெயில் நேராகப் படாமல் திரை போடுங்கள்.

இப்போது கையால் செய்கிற வேலை. இதை யாரும் விரும்புவதில்லை, ஆனால் எல்லா மருந்தையும்விடப் பலன் தருவது இதுதான். ஒரு நாளில் மொத்தத் தொட்டியையும் சுத்தம் செய்யாதீர்கள், வாரத்துக்கு மூன்று நான்கு பாறை போதும். தண்ணீர் மாற்றுகிற நாளில், எடுக்கிற 20 லிட்டரை ஒரு பக்கெட்டில் விட்டு, பாறையைத் தூக்கி அதில் மூழ்கவைத்து, முதலில் விரலால் கொத்துக்கொத்தாகப் பிடுங்குங்கள். வேரோடு வரும்போது ஒரு சின்ன 'சரக்' தெரியும், நுனி மட்டும் வந்தால் வழுக்கிக்கொண்டு வரும். அந்த வித்தியாசம் பத்து நிமிடத்தில் விரலுக்குப் பழகிவிடும். பிறகு கெட்டியான பல்துலக்கும் பிரஷ்ஷால் குழிகளைத் தேயுங்கள். பக்கெட் தண்ணீர் பச்சைக் குழம்பாகும், வீடெல்லாம் மண்டபம் கடற்கரையில் ஓதம் வடிந்த மத்தியானத்து வாசனை அடிக்கும். இன்னொரு பாத்திரத்தில் சுத்தமான உப்புத்தண்ணீரில் பாறையை ஒருமுறை ஆட்டிவிட்டுத் திரும்ப வையுங்கள். பிடிவாதமான இடத்தில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு தடவலாம். மருந்துக்கடையில் பொதுவாகக் கிடைப்பது 6 சதவீதம், சமபங்கு ஆர்.ஓ. தண்ணீர் கலந்து 3 ஆக்கிக்கொள்ளுங்கள். வெளியே எடுத்த பாறையில், கோரல் இல்லாத பக்கத்தில், பிரஷ்ஷால் தொட்டுவைத்து ஒன்றிரண்டு நிமிடம் கழித்து அலசிவிடவேண்டும். தொட்டிக்குள் நேராக ஊற்றாதீர்கள், உங்கள் க்ளீனர் இறால் தாங்காது.

ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். உங்களிடம் ஸோவா இருக்கிறது. ஸோவாவிலும், குறிப்பாக அதன் உறவான பாலிதோவாவிலும், பாலிடாக்ஸின் என்கிற கொடிய நஞ்சு இருக்கக்கூடும். அந்தப் பாறையைத் தேய்க்கும்போது கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், ஸோவா இருக்கும் பகுதியில் பிரஷ் படவேண்டாம், கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு வேலையே வேண்டாம். பாசி ஒழியட்டும் என்று பாறையைக் கொதிக்கும் தண்ணீரில் போடலாம் என யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன.

பாறையைச் சுத்தம் செய்த பிறகுதான் மேய்கிற ஜீவன்கள். நான்கு விரல்கடை நீளத்துக்கு வளர்ந்த பாசியை நத்தை தொடாது, குட்டையாக்கிக் கொடுத்தால் மேயும். உங்கள் தொட்டிக்கு ஆறேழு ட்ரோகஸ் நத்தை, ஒரு டக்ஸிடோ அர்ச்சின் (கடல் முள்ளெலி) போதும். டர்போ நன்றாக மேயும், ஆனால் மணலில் குப்புற விழுந்தால் தானாக நிமிராது. ட்ரோகஸ் நிமிர்ந்துகொள்ளும். ஃபாக்ஸ்ஃபேஸ் வாங்கச் சொல்வார்கள். நம் கரையோரத்தில் ஓரா என்று சொல்கிற மீனின் உறவு, பாசியை வெளுத்துக்கட்டும், ஆனால் மூன்றடித் தொட்டி அதற்குப் பத்தாது. மேய்ந்ததெல்லாம் கழிவாகத் தண்ணீருக்கே வருகிறது என்பதையும் மறக்கவேண்டாம். அதை வெளியேற்ற ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) ஒழுங்காக ஓடவேண்டும், அதன் கப்பை வாரம் இரண்டு முறை கழுவவேண்டும்.

இதோடு சம்ப்பில் ஒரு அறையில் கீட்டோமார்ஃபா வளர்க்க ஆரம்பியுங்கள். பிளாஸ்டிக் நூல் சிக்கல்போல உருண்டுகிடக்கும் பச்சைப் பாசி. மேலே தொட்டி விளக்கு அணைந்த நேரத்தில் அதற்கு விளக்கு எரியட்டும். அதனால் ராத்திரியில் பி.எச். இறங்குவதும் குறையும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி பிய்த்து வெளியே போடுங்கள். பாறையிலிருந்து நீங்கள் பிடுங்கிய அதே சத்துதான் இங்கே உங்களுக்கு வசதியான இடத்தில் வளர்ந்து, வசதியாக வெளியே போகிறது.

கிண்ணத்தில் பார்த்தது பிரையாப்ஸிஸ் என்றால் மட்டும் நான் மருந்துக்குச் சம்மதிப்பேன். பூஞ்சைக்குத் தருகிற ஃப்ளூகோனஸோல் மருந்து, லிட்டருக்கு 5 மில்லிகிராம் கணக்கில், வடிகட்டியில் இருக்கும் கார்பனை எடுத்துவிட்டு, ஸ்கிம்மரை நிறுத்தி, காற்றுக்கு ஏர் பம்ப் வைத்து, இரண்டு வாரம். அதற்கு முன்னால் கையால் முடிந்தவரை பிடுங்கியிருக்கவேண்டும். சாதாரண முடிப்பாசிக்கும் இது வேலை செய்கிறது என்பார்கள், செய்யும்தான். தண்ணீரும் தீனியும் சரியாகாமல் செய்தால் திரும்பி வரும் என்பதும் உண்மை.

கடைசியாக, பழைய பாறையைத் தூக்கிப்போட்டுவிட்டு "ராமேஸ்வரத்திலிருந்து வந்த லைவ் ராக்" (உயிர்கள் ஒட்டியிருக்கும் கடல் பாறை) வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கல்லாகக் கட்டும் பவளங்கள் அத்தனையும் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, செத்த பவளப் பாறையும் அதில் அடக்கம். அந்தப் பாறை நம் மன்னார் வளைகுடாவிலிருந்து பெயர்த்தது. அங்கே குருசடைத் தீவில் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி பரவி உயிருள்ள பவளத்தைப் போர்த்தி மூடியது. அந்தக் கடலுக்கு இருக்கிற கஷ்டம் போதும். உங்கள் பாறை நல்ல பாறைதான், எட்டு மாதத்தில் அதில் பாக்டீரியா குடியேறிவிட்டது. புதுப்பாறை வாங்கினால் மறுபடி முதலிலிருந்து.

இந்த ஞாயிற்றுக்கிழமை டி.டி.எஸ். அளவு, கிண்ணத்துப் பாசியின் படம், டிஷ்யூ சோதனையின் முடிவு மூன்றையும் அனுப்புங்கள். ஒழுங்காகச் செய்தால் பாறை தெரிய ஆரம்பிக்க எட்டு வாரம், நிலைக்கப் பன்னிரண்டு வாரம் ஆகும். பாறை தேய்த்த பக்கெட் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிடாதீர்கள், உப்பில் கருகிவிடும். பாசியை மட்டும் வடிகட்டி ஈரக்குப்பையில் போட்டுவிட்டு, தண்ணீரைப் பாத்ரூமில் கொட்டிவிடுங்கள்.